அந்த இடம் மாதிரி வருமா

விலங்குக் காப்பகத்தில் அன்று தத்துக் கொடுக்கும் நாள். விடிந்ததிலிருந்தே ஒரே அமளி. குட்டிகளைக் குளிப்பாட்டிய சோப்பு நுரை வாசல்வரை ஓடியது. வந்தவர்கள் கூண்டு கூண்டாக எட்டிப் பார்த்தார்கள். கிழட்டு நாய் பட்டாணி மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு இடமா? சந்தைக்கடை! முன்னே நான் இருந்த வீடு மாதிரி வருமா? சோபாவுக்கு அடியில எனக்குன்னே ஒரு மூலை. சத்தம் கிடையாது, சண்டை கிடையாது."

பக்கத்துக் கூண்டுப் பூனை ராக்கு இதை ஆயிரம் தடவை கேட்டிருந்தது.

"அந்த வீட்டுக்காரர்தானே உன்னை இங்கே கொண்டாந்து கட்டிப்போட்டுட்டுப் போனாரு? கொஞ்சம் திரும்பு அண்ணே. மூஞ்சியைப் பார்த்தாத்தானே யாராவது கேப்பாங்க?"

பட்டாணி அசையவில்லை. ஆனால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், "பாவம், இதுக்கு ரொம்பக் கூச்சம்போல" என்று அதையே கேட்டு அழைத்துப் போனார். ராக்கு கம்பிக்கு வெளியே காலை நீட்டி வழியனுப்பியது. பட்டாணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புது வீட்டிலும் சோபாவுக்கு அடியில் ஒரு மூலை கிடைத்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. வைத்த பால்சோறு மட்டும் அப்படியே இருந்தது.

"பிடிக்கலையா?" என்று கேட்டது சுவரில் இருந்த பல்லி.

பட்டாணி பெருமூச்சு விட்டது.

"இதெல்லாம் ஒரு இடமா? முன்னே நான் இருந்த காப்பகம் மாதிரி வருமா? எந்நேரமும் திருவிழாதான். பக்கத்துல ராக்குன்னு ஒருத்தி. எத்தனை தடவை சொன்னாலும் சலிக்காம கேப்பா."

சொல்லிவிட்டு, கிண்ணத்தோடு வந்து கூப்பிட்ட அம்மாளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.