லைல் பிடித்த பிடி

நான் வில்மர், வயது இருபத்திரண்டு. அமெரிக்காவில், ஒஹையோவில், நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க் வாசலில் நின்று, குவாத்தமாலாவில் இருக்கும் உங்களுக்காக இதைப் போனில் பேசுகிறேன், அம்மா. ஜூலை நாலாம் தேதி, இந்த நாட்டுச் சுதந்திர தினம், மத்தியானம், சிமெண்டுத் தரை வெயிலில் கண்ணைக் கூசுகிறது. எதிர்த்தெருவில் யாரோ கொளுத்திய சரவெடியின் புகை இன்னும் கலையவில்லை. பம்பருகே, ராணுவத்தில் சார்ஜன்டாகப் போருக்குப் போய் வந்த கிழவர் லைல் மல்லாந்து கிடக்கிறார். அவர்மேல் ஊர்ப் போலீஸ்காரர் டென்னி கவிழ்ந்திருக்கிறார். வெடிச்சத்தத்தைக் குண்டென்று நினைத்து, கூட நின்று பேசிக்கொண்டிருந்த டென்னியைச் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தவர் லைல்தான். அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.

"தலையத் தூக்காதடா, செத்துருவ."

"தூக்கல சார்ஜன்ட். நீங்க சொன்னாதான் எந்திரிப்பேன்."

உதறி எழுவது டென்னிக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் தன் பாரம் கிழவர்மேல் விழாதபடி, கொதிக்கிற தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றியிருக்கிறார். விழும்போது அவர் கையிலிருந்து கொட்டிய காபி முழங்கால்வரை ஓடி வந்திருக்கிறது. சாலையோரக் காரில் இரண்டு பேர் இறங்காமலே படம் பிடிக்கிறார்கள்.

"கிழவன் கிறுக்கன், போலீஸ்காரன் முரடன். நல்ல ஜோடிடா," என்று ஒருவன் சிரிக்கிறான்.

"நெட்ல போட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள இவன் வேலை காலி," என்கிறான் மற்றவன்.

கார்க் கண்ணாடி மேலே ஏறுகிறது. நான் சாட்சி சொல்லப் போனால் முதலில் என்னிடம் இல்லாத விசாவைத்தான் கேட்பார்கள். தரையில் லைல், டென்னியின் தொப்பியில்லாத தலையைத் தன் கையால் மூடுகிறார். போலீஸ்காரர் கிழவரை அமுக்குவதுபோல் தெரியும் அந்தப் படம் உங்கள் போனுக்கும் வரும். வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.