எல்லாருக்குமான காற்புள்ளி

“இதைத் திருப்பி எழுதிடுங்கக்கா. ஐயாயிரத்துல கமா விட்டுப் போச்சு.”

டாக்டர் சொன்னபடி மருந்தகத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டைத் தலைமைச் செவிலி மேசைமேல் மெல்ல நகர்த்தினாள். வார்டே ‘பெரியக்கா’ என்றழைக்கும் மூத்த செவிலிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“பச்சைக் குழந்தைக்கும் புரியுமே, சிஸ்டர்.”

“புரியும்க்கா. ஆனா மூணு சைபரா நாலு சைபரான்னு அவசரத்துல யாரு எண்ணிப் பார்க்கறா? கமா இருந்தா எண்ணவே வேண்டாம். பார்த்ததும் தெரிஞ்சுடும்.”

தன்னைவிடப் பத்து வயது இளையவள். தனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் அமர்ந்திருப்பவள். இவளிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே! பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்கே உரிய அரிவாள் வால் வைத்த ஐந்தைப் போட்டு, 5,000 என்று எழுதி நீட்டினாள்.

மூன்று வாரமாக இதே பாடு. எண்களில் காற்புள்ளி கட்டாயம். ஒவ்வொரு சீட்டையும் தலைமைச் செவிலி பார்த்த பிறகே மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டும். போதாததற்கு, செவிலியர் எழுவரும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை.

ஆறு பேர் போய் வந்துவிட்டார்கள். பெரியக்கா மட்டும் அசையவில்லை. “கண்ணை மூடிக்கிட்டே நரம்பைத் தேடிப் பிடிக்கிறவ நான். எனக்கெதுக்குப் பரிசோதனை?”

வெளியே வந்ததும் இளைய செவிலி கிசுகிசுத்தாள். “கமாக்கா இன்னிக்கு என்ன சொன்னாங்க? நம்ம வார்டுல இருபது கட்டில்தான் இருக்கு, கமா போட வழியில்லையேன்னு அழுதாங்களா?”

“சிரிச்சது போதும். புகார் எழுதியாச்சு. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. மதியமே பெரிய டாக்டர் கையில கொடுத்துடறேன்” என்றாள் பெரியக்கா.

அப்போது பன்னிரண்டாம் கட்டில் தையல்காரர் பையும் கையுமாக வந்து நின்றார். காலில் இரத்தம் உறைந்து, தூக்கி வரப்பட்டவர். இன்று தம் காலாலேயே வீடு திரும்புகிறார்.

“போயிட்டு வரேம்மா. நீங்க போட்ட ஊசிதான் என்னைப் பிழைக்க வெச்சுது.”

“இங்க மட்டும் ‘வரேன்’னு சொல்லக் கூடாது. ‘போறேன்’னு சொல்லிட்டு ஓடுங்க!” நலமாகிப் போகிற எல்லாரிடமும் பெரியக்கா சொல்வதுதான். தையல்காரர் சிரித்துக்கொண்டே கும்பிட்டுப் போனார்.

புகாரோடு இணைக்கச் சுற்றறிக்கை வேண்டும். தலைமைச் செவிலி அறையில் இல்லை. புகாரைக் கையில் வைத்தபடியே, இழுப்பறையிலிருந்த கோப்பைப் பெரியக்காவே எடுத்துப் புரட்டினாள்.

சுற்றறிக்கைக்குப் பின்னால் பழைய மருந்துச் சீட்டொன்று குத்தி வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் கட்டில். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி. 50000 யூனிட்.

பூஜ்ஜியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிந்தன. விரல் வைத்து எண்ணினாள். நான்கு! கடைசிப் பூஜ்ஜியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ‘மருந்தகத்துக்குப் போகுமுன் நிறுத்தப்பட்டது’ என்று ஓரத்தில் குறிப்பு. அடியில், எழுதியவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

பத்து மடங்கு மருந்து. அந்தத் தையல்காரர் இன்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கவே முடியாது.

தலைமைச் செவிலி உள்ளே நுழைந்தாள். சீட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓஹோ! எவளோ ஒருத்தி செஞ்ச தப்புக்கு எங்க எல்லாருக்கும் தண்டனையா? யாரு அவ? பேரைச் சொல்லுங்க, சிஸ்டர்!”

“வேண்டாம்க்கா. விட்டுடுங்க.”

“பேரை வெட்டி எடுத்துக் காப்பாத்தறீங்களா? என் இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு சீட்டு எழுதியிருப்பேனா? அவளை வேலையை விட்டே அனுப்பணும்!”

தலைமைச் செவிலி கதவைச் சாத்தினாள்.

“அது எத்தனையோ பேரைத் தூக்கி உட்கார வெச்ச கைக்கா. ஒரு சைபர் அத்தனையையும் அழிச்சுடக் கூடாது. அவங்களுக்கு மட்டும் சட்டம் போட்டா, யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். எல்லாருக்கும் போட்டா என்னைத்தானே திட்டுவாங்க? திட்டட்டும்.”

“அப்படியென்ன பெரிய கை!”

பெரியக்கா சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கிற்று.

அரிவாள் வால் வைத்த ஐந்து.

சீட்டைக் கோப்புக்குள் வைத்து மூடினாள்.

“கையில என்னக்கா, ஏதோ கடிதம்?” தலைமைச் செவிலி கேட்டாள்.

பெரியக்கா புகாரை நான்காக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

“லீவு லெட்டர், சிஸ்டர். இன்னும் எழுதி முடிக்கலை. நாளைக்குக் கண் டாக்டரைப் பார்த்துட்டு... அப்புறம் பெரிய டாக்டர்கிட்டயும் நானே சொல்லிடறேன். நான் போறேன்...”

கதவை நோக்கித் திரும்பினாள்.

தலைமைச் செவிலி அருகில் வந்து அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இந்த வார்டுல நீங்க மட்டும் ‘வரேன்’னுதான் சொல்லணும்க்கா.”