பாதிப் பாடம்

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததுமே ஆக்னஸையும் மோனிஷாவையும் சிறப்புப் பிரிவில் போட்டார்கள். அங்கே பள்ளிப் பாடத்தோடு பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தனியாக முடியாது என்று இருவரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மோனிஷா இயற்பியலைப் படித்துச் சுருக்கி எழுதுவாள், ஆக்னஸ் வேதியியலை. திங்கட்கிழமை காலை பள்ளி வேனில் தாள்கள் கைமாறும். "நீ இல்லேன்னா நான் செத்தேன்டி" என்பாள் மோனிஷா. எட்டு வாரமாக ஆக்னஸ் இயற்பியல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இயற்பியல் தேர்வில் பாதிக் கேள்விகள் உந்தத்திலிருந்து வந்தன. அப்படி ஒரு பாடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்து மோனிஷாவின் சொந்த நோட்டைப் புரட்டினாள். உந்தம் ஒன்பது பக்கத்துக்கு இருந்தது, பச்சை மையில் அடிக்கோடுகளோடு.

"உனக்குச் சுருக்கி எழுத எனக்கு நேரமில்லடி" என்றாள் மோனிஷா. "நீயும் ஒரு தடவை புக்கைப் பார்த்திருக்கலாம்ல?"

மதிப்பெண் வந்ததும் கடைசி மூன்று பேரைச் சாதாரண வகுப்புக்கு மாற்றினார்கள். ஆக்னஸ் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது மோனிஷா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏய், இந்த வாரக் கெமிஸ்ட்ரி எழுதிட்டியா? உனக்குத்தான் இனி வேண்டாமே."

எழுதியிருந்தாள், பதினோரு பக்கம். ஆக்னஸ் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைக் கழற்றி, சொட்டு மீதமில்லாமல் மெதுவாகக் குடித்தாள். மோனிஷா நீட்டிய கையை மடக்காமல் நின்றிருந்தாள்.