நாலாவது பட்டன்

"என் மெஷின்ல மூணு பட்டன்தான் இருக்கு புட்டா. வர்றேன், வந்தாலும் வருவேன், வரல. நாலாவது எங்க?"

சுமனா ஹெப்பார் மடிக்கணினியைப் பக்கத்து இருக்கைக்காரன் புட்டராஜுவின் பக்கம் திருப்பினாள். அந்த நாலாவது பட்டன் அகப்பட்டால் இன்றைக்கு வேலை தப்பிக்கும் என்று இருவருமே நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

மீட்டிங் அழைப்பு தேச்சம்மாவிடமிருந்து வந்திருந்தது. நாலு மணி, சின்னக் கண்ணாடி அறை, தலைப்பு கிடையாது. தேச்சம்மா அந்த பெல்லந்தூர் ஆபீஸின் எச்.ஆர்.; போன வாரம் அவள் அந்த அறைக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அட்டைப்பெட்டியும் கையுமாகத்தான் வெளியே வந்தார்கள்.

புட்டராஜு அந்த அறைக்கு 'பிரசவ வார்டு' என்று பெயர் வைத்திருந்தான். "உள்ள கைய வீசிட்டுப் போறாங்க. வரும்போது ஒண்ண ஏந்திட்டு அழுதுக்கிட்டே வர்றாங்க."

இப்போது அவன் சுமனாவின் திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினான். "உங்களுது அரதப்பழசு மேடம். புது வெர்ஷன்ல 'ஃபாலோ'ன்னு ஒண்ணு வச்சிருக்கான். நான் வர மாட்டேன், ஆனா என்ன பேசினீங்கன்னு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கன்னு அர்த்தம்."

"வேலையை விட்டுத் தூக்கற மீட்டிங்குக்கு அதைப் போடலாமா?"

"ஏன் போடக்கூடாது மேடம்? ஆளே வரலைன்னா யாரைத் தூக்குவாங்க?"

கைப்பேசியில் தேடினார்கள். மூன்று புள்ளியைத் தொட்டதும் ஏதோ விரிந்தது. சுமனா விரலைக் கொண்டுபோனாள்.

"ஐயோ, கைய எடுங்க! அது ஃபார்வர்ட். ஆபீசுக்கே பத்திரிகை வச்ச மாதிரி ஆயிடும்!"

சுமனாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. வேலை போவதை அவளால் தாங்கிக்கொள்ள முடியும். அதைத் தேச்சம்மாவின் வாயால் கேட்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தேச்சம்மா குடகிலிருந்து வந்தவள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை இருக்கும் நாளில் இரண்டு உருண்டை சுமனாவுக்கென்றே கூடுதலாக வரும். தேச்சம்மா ஆட்களை வேலையை விட்டு அனுப்பத் தொடங்கிய பிறகு சுமனா சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை; ஒருநாள் வேறு மேசையில் உட்கார்ந்தாள், மறுநாளும் உட்கார்ந்தாள். தேச்சம்மா ஜன்னலைப் பார்த்துத் தனியாகச் சாப்பிட்டாள்.

இன்று காலைகூட வாசல் கதவருகே தேச்சம்மா நின்றிருந்தாள். அவளுடைய கார்டை எத்தனை முறை வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"சுமனா, உன் கார்டைக் கொஞ்சம் வையேன்."

சுமனா வைத்தாள். லிஃப்டில் தேச்சம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மாறும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு ஏறினாள். அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, அழுகிறவர்கள் பக்கம் அவள் நகர்த்தி வைக்கும் டிஷ்யூ பெட்டியிலிருந்து ஒன்றை உருவி மூக்கைச் சிந்த வேண்டுமா? தான் கைவிட்டவளிடமே ஆறுதல் வாங்குவதைவிடப் பட்டன் தேடுவது சுலபமாக இருந்தது.

"பிரவுசர்ல திறங்க மேடம். 'வரல'க்குப் பக்கத்துல பொடியா ஒரு அம்பு இருக்கா? அதைத் தட்டுங்க."

தட்டினாள். உள்ளே பதுங்கிக்கொண்டிருந்தது: ஃபாலோ.

"கிடைச்சுடுச்சு!" என்று புட்டராஜு கத்தியதில் இரண்டு வரிசை தள்ளி ஒரு தலை நிமிர்ந்தது. சுமனா கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

நாலு மணிக்கு இருவரும் அவசரப் படிக்கட்டில் ஒளிந்து உட்கார்ந்து மத்தூர் வடை தின்றார்கள்.

"இப்ப அவங்க காலி நாற்காலியப் பார்த்து, 'இந்தக் கம்பெனிக்கு நீங்க செஞ்சதையெல்லாம் மறக்கவே மாட்டோம்'னு சொல்லிட்டு இருப்பாங்க" என்றான் புட்டராஜு.

"வாய மூடு புட்டா."

"நாற்காலி தேம்பித் தேம்பி அழும்."

சுமனாவின் கைப்பேசி ஒலித்தது. பட்டன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. கூட்டத்தின் பதிவு வந்திருந்தது. எண்ணெய்க் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

கண்ணாடி அறை தெரிந்தது. ஆனால் தேச்சம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில் இல்லை. எதிர்ப்பக்கம், டிஷ்யூ பெட்டிக்கு அருகில், வேலை போகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் இருந்தாள். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள்ளிருந்து அவளுடைய காபிக் கோப்பையும் நாய்க்குட்டி படமும் எட்டிப் பார்த்தன. பக்கத்தில் அவளுடைய டப்பா.

"ஃபாலோ பண்றாளாம், கழுதை" என்று தேச்சம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு டப்பாவைத் திறந்து இரண்டு உருண்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"என் பெட்டிய லிஃப்ட் வரைக்கும் பிடிக்க ஒரு கை வேணும்னுதான்டீ கூப்பிட்டேன்."