ஈர வெல்வெட்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஊரையே சிரிக்க வைத்த ஒரு படத்தில் யாரும் பார்க்காத ஒருத்தியைக் காட்டுகிறேன். கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட்டில், கறுப்புத் திரைக்கு முன்னால் வெர்னா நிற்கிறாள். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு வெல்வெட், முகமூடியும் அதிலேயே, மேலே வெள்ளைக் கல்யாண கவுன். கறுப்போடு கறுப்பாக அவள் மறைந்துபோக, படத்தில் கவுன் மட்டும் தானாக நடக்கும். மாயம் கலைந்து முகம் தெரிகிற கடைசிக் காட்சியை அவளுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியலிலேயே உதட்டுச்சாயம் பூசி வந்திருக்கிறாள். "முகத்துக்கு ஹீரோயின் வர்றாங்க, தங்கம். நீ நடந்தா போதும்," என்கிறார் டைரக்டர் ஹாஸ்கெல், சாண்ட்விச்சை மென்றபடி. "அம்மாவுக்குக் கடுதாசி போட்டுட்டேனே, சார். நெப்ராஸ்காவுல எங்க தெருவே தியேட்டருக்கு வருதாம்." "கவுனைக் காட்டி எம்பொண்ணுன்னு சொல்லட்டும்!" பூச்செண்டைக் கம்பியில் ஆட்டுகிற ஓட்டோவும் மேலே நின்று சிரிக்கிறான். விளக்குகள் அனலாய் எரிகின்றன. கவுன் நடக்கிறது, குனிந்து பூச்செண்டை முகர்கிறது. "கட்! மூஞ்சியில என்னமோ மின்னுது!" ஓட்டோ இறங்கி வந்து தொட்டுப் பார்க்கிறான். "கண்ணுக்குக் கீழ நனைஞ்சிருக்கு சார். ஈர வெல்வெட் வெளிச்சத்துல பளபளக்கும்." அவன் இப்போது சிரிக்கவில்லை. முகமூடியைக் கழற்றுகிறார்கள். சாயம் பூசிய அந்த முகம் அத்தனை விளக்குக்கும் நடுவில் ஒரு கணம் நிற்கிறது. எல்லோரும் முகமூடியையே பார்க்கிறார்கள். காய்ந்த முகமூடி ஒன்று வருகிறது. கவுன் மறுபடி நடக்கிறது. "அருமை! ஆளே இல்ல!" என்று கைதட்டுகிறார் ஹாஸ்கெல். கண்ணுகளா, உங்கள் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் நிமிர்ந்து முகம் பார்க்க ஒருவர் இருக்கட்டும்.