உள்ளே போகாத மாத்திரை

காலை ஒன்பது மணி பத்து நிமிடம். ஒரகடத்தில் தூறல் விட்டு, வெயில் தலைகாட்டியிருந்தது.

"மாத்திரையை முழுங்கவே மாட்டேங்குது மேடம் இந்தப் பொண்ணு. லீவை இழுக்க நாடகம் ஆடிக்கினு கீது" என்று கிளினிக்கில் டாக்டர் லீலாவிடம் முறையிட்டாள் கனகலட்சுமி, பென்னலூர் பெண்கள் விடுதியின் வார்டன்.

எதிரில் இருந்த சத்யப்பிரியா உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். நிமோனியாவுக்கு மாத்திரை வாங்கிச் சென்றும் அவளுக்குக் காய்ச்சல் தணியவில்லை.

"எல்லாம் சாப்ட்டேன் மேடம்."

"இன்னா சாப்ட்ட? எத்தினி வாட்டி வெறும் தண்ணியை மட்டும் குடிச்சிட்டு வந்த, நான் பாக்கல?"

லீலா சத்யப்பிரியாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். ஆக்சிஜன் அளவையும் பார்த்தார். உடனடி ஆபத்து இல்லை.

"இந்த மருந்து உனக்குக் கேக்கலைன்னா, ஆஸ்பத்திரியில சேர்த்து வேற மருந்து ஊசியா ஏத்தணும். நீ ஒழுங்கா சாப்பிடலைன்னா இதுவே போதும். எதுன்னு நீதான் சொல்லணும்."

சத்யப்பிரியா தலைகுனிந்தாள்.

"ஊசியே போடுங்க மேடம். கூட அந்த மாத்திரையும் குடுங்க."

"ரெண்டும் வேணுமாம்! மெடிக்கல்ல வித்துட்டு வரப் போறா" என்றாள் கனகலட்சுமி. "இவ சூப்பர்வைசருக்கும் இதே வியாதிதான் மேடம். பவரா ஒரு ஊசி போட்டாங்களாம், ஜம்முனு எழுந்துட்டாரு. அதையே போட்டு வுடுங்க."

"எது ஒசத்தின்னு அப்புறம் பார்க்கலாம்மா. உள்ளே போகாத மாத்திரையை எந்த ஊசியோட ஒப்பிடுறது?"

லீலா அசைந்துகொடுக்கவில்லை. "மருந்தை மாத்த மாட்டேன். வேளாவேளைக்கு உங்க எதிர்லயே முழுங்கட்டும். நாளைக்குக் காலையில நானே வந்து பார்க்கறேன்."

மறுநாள் காலை, சொன்னபடியே லீலா விடுதி அறைக்கு வந்து நின்றார். கனகலட்சுமி மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். சத்யப்பிரியா கண்கலங்க அதை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள்.

பயிற்சிக் காலத்தில் லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்று, தன் காய்ச்சலை வெளியே சொல்லாமல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த இசைவாணி, பக்கத்துக் கட்டிலில் அரைத்தூக்கத்தில் புரண்டு, யார் நிற்கிறார்கள் என்றும் பாராமல் சத்யப்பிரியாவின் பக்கம் கையை நீட்டினாள்:

"அக்கா, என் மாத்திரை?"