கன்சாகுவின் சோற்றுக் கிண்ணம்

கிண்ணம் உடையவில்லை.

வாசல் கல்லில் பட்டுத் துள்ளியது. பனியில் உருண்டுபோய்ச் சவ வண்டியின் சக்கரத்தருகே நின்றது.

பெட்டியைத் தூக்கி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செத்தவர் சாப்பிட்ட சோற்றுக் கிண்ணத்தை, உடல் வாசலைத் தாண்டும்போது போட்டு உடைப்பது அந்தக் கரையோர ஊர்களின் வழக்கம். இனி உனக்கு இங்கே சோறு இல்லை, திரும்பி வராதே என்று அர்த்தம். பீங்கான் என்றால் ஒரே போடில் வேலை முடிந்துவிடும்.

செத்துப்போன கன்சாகுவின் மனைவி தொகியேயின் வீட்டில் பீங்கானே இல்லை.

காலையில் கன்சாகுவின் அக்கா ஹருயே சமையலறை அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டாள். சோற்றுக்கு, சூப்புக்கு, ஊறுகாய்க்கு என்று எல்லாமே கருப்பு அரக்குப் பூசிய, விலை கூடிய மரக் கிண்ணங்கள்.

"நாங்கல்லாம் இதுல சூப்பு மட்டுந்தான் குடிப்போம். நீ தினப்படி சோறே இதுல போட்டிருக்கே. எந்தம்பிய ராஜாவாட்டம் வெச்சிருந்திருக்கேம்மா" என்று அழுதாள்.

தொகியே கிண்ணங்களைத் திரும்ப அடுக்கினாள்.

ஊருக்கும் அப்படித்தான் தெரியும். கன்சாகு கணவாய் மீன் பிடிக்கும் படகுக்குத் தலைவன். யார் படகு பழுதானாலும் முதல் ஆளாக வந்து நிற்பான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அவன் பெண்டாட்டிதான் வாயே திறக்காதவள்.

தொகியே சக்கரத்தருகே கிடந்த கிண்ணத்தை எடுத்து வந்து, இந்த முறை ஓங்கி அடித்தாள்.

டொக்கென்று ஒரு சத்தம். விளிம்பில் கருப்பு கொஞ்சம் பெயர்ந்து அடியிலிருந்த சிவப்பு தெரிந்தது. அவ்வளவுதான்.

"போக மனசில்ல பாரு அவனுக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "பொண்டாட்டிய விட்டுட்டுப் போவானா? திரும்பி வந்துருவான் போல."

துக்கத்தைக் கொஞ்சம் லேசாக்கச் சொன்னதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

தொகியேயின் முகம் வெளுத்துப்போனது. விறுவிறுவென்று விறகுக் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் கைக்கோடரி இருந்தது.

"என்னம்மா இது? விடு, கடைக்கு ஆளனுப்பி ஒரு பீங்கான் கிண்ணம் வாங்கியாரச் சொல்றேன்" என்றாள் ஹருயே.

"இல்ல அண்ணி. அவர் சாப்பிட்ட கிண்ணமாத்தான் இருக்கணும்."

கருப்புக் கிமோனோவின் கைகளை மேலே இழுத்துச் செருகிக்கொண்டு பனியில் மண்டியிட்டாள். முதல் வெட்டு வழுக்கியது. அடுத்ததில் கோடரி கிண்ணத்தில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. கிண்ணத்தோடு சேர்த்துத் தூக்கிக் கல்லில் அடித்தாள். பிளந்தது.

அவள் நிறுத்தவில்லை.

பாதியைக் கால் பாகமாக்கினாள். கால் பாகத்தைச் சிம்பு சிம்பாக்கினாள். முடிந்திருந்த கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. மூச்சு வாங்கியது. எப்பேர்ப்பட்ட பாசம் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்கள்.

அதற்குள் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஹருயே பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும்மா. போதும். போயிட்டான்மா அவன்."

"நெஜமாப் போயிட்டாரா அண்ணி? இனிமே வர மாட்டாரே?"

கூட்டம் மொத்தமும் உடைந்து அழுதது. ஓட்டுநர்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

மிஹோ மட்டும் அழவில்லை. கன்சாகுவுக்கும் தொகியேவுக்கும் ஒரே மகள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒசாகாவுக்குப் போனவள், அதற்குப் பிறகு இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறாள். பனியில் குந்தி, அம்மாவைச் சுற்றிச் சிதறிக் கிடந்த சிம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தையின் காதுக்கு மட்டும் எட்டும்படி, தலை நிமிராமலே சொன்னாள்.

"சுவத்துல விட்டெறிஞ்சாலும் உடையக் கூடாதுன்னு கேட்டு அம்மா வாங்குனது அத்தே இது. பீங்கான் சில்லு என் கால்ல ஏறுச்சே, அதுக்கு மறுநாள்."

ஹருயேவுக்கு ஒரு புத்தாண்டு நினைவுக்கு வந்தது. பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு குழந்தை நொண்டி நொண்டி நடந்தது. கரையில் ஓடினாள், கிளிஞ்சல் குத்திவிட்டது என்று தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் கோப்பையில் மது ஊற்றிக்கொண்டிருந்த தொகியே நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கிளிஞ்சல்தானா என்று அன்று ஹருயே கேட்கவில்லை.

சவ வண்டி கிளம்பும்போது ஒருமுறை நீளமாக ஹாரன் அடிப்பதும் வழக்கம். அடிக்கலாமா என்று ஓட்டுநர் வண்டியிலிருந்து ஹருயேயின் முகத்தைப் பார்த்தார். இரு என்று கையைக் காட்டினாள்.

தொகியேயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோடரியை வாங்கிக்கொண்டாள்.

"மிஹோ" என்றாள். "உங்கப்பன் சூப்புக் குடிச்ச கிண்ணம் எங்க இருக்கு? போ, அதையும் எடுத்துட்டு வா."